சடை இல்லாத படம்

கத்திரி அக்காவின் கடையில் இருபத்திரண்டு வருடமாக ஒரே ஒரு நாற்காலிதான். பத்தடிக்கு எட்டடி அறை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் தலை கழுவும் தொட்டி, பின்னால் ஒரு பிளாஸ்டிக் திரை, திரைக்கு அந்தப் பக்கம் வீடு. பெண்களுக்கு மட்டும் முடி வெட்டுவாள். சொந்தப் பெயர் அவளுக்கும் ஒன்று இருந்தது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் புருஷன்கூட "கத்திரி, தண்ணி குடு" என்றுதான் கேட்பார்.

தொழிலில் அவளுக்கு இரண்டு பழக்கம். ஒன்று, வெட்டி முடித்ததும் போனில் மூன்று படம் எடுப்பாள்: முன்னால், பக்கவாட்டில், பின்னால். அடுத்த தடவை வருகிறவள் "போன தடவை மாதிரியே" என்பாள், போன தடவை எப்படி என்று அவளுக்கே தெரியாது. அதற்குத்தான் படம். இன்னொன்று, நாற்காலியில் பேசியது வாசல் தாண்டக் கூடாது. மாமியார் சண்டை, மாப்பிள்ளை குடி, யாருக்கு யார் மேல் ஆசை, எல்லாம் அந்த நாற்காலியில் கொட்டும். "முடியோட சேத்துப் பெருக்கியாச்சு, போயிட்டு வா" என்பாள். இந்த இரண்டாவது பழக்கத்தை அவள் ஆயுசில் ஒரே ஒரு தடவை விட்டாள். அந்த ஒரு தடவை செய்த கூத்தைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

சடைக்காரி என்று ஒரு பெண் வருவாள். பன்னிரண்டு வயதிலிருந்து வாடிக்கை. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் ஒரு விரற்கடை வெட்டிக்கொண்டு போவாள். இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம், வேதியியல். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து உட்கார்ந்து, "காதளவுக்கு வெட்டிடுங்கக்கா" என்றாள்.

"என்னடி, வெயில் மண்டையில ஏறிடுச்சா?"

"ஆய்வுக்கூடத்துல பர்னர் பக்கத்துல நிக்கறேன்க்கா. இத்தோட ரெண்டு தடவ பொசுங்கிடுச்சு. எனக்குப் பயமா இருக்கு."

"வீட்ல கேட்டியா?"

"கேட்டா விடுவாங்களா? வெட்டிட்டுப் போய் நின்னா என்ன பண்ணிடுவாங்க, ஒட்டவா முடியும்?"

கத்திரி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சடையின் மேலும் கீழும் ரப்பர் பேண்டு போட்டு, ஒரே வெட்டாக வெட்டிக் கையில் கொடுத்தாள். பெண் அதை எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்து, "இவ்வளவையுமா சுமந்துட்டுத் திரிஞ்சேன்!" என்றாள். மூன்று படம் எடுத்தாயிற்று. முன்னால் எடுத்த படத்தில் பெண் வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். சாயங்காலம் தோழிகள் இரண்டு பேருடன் சாப்பிடப் போவதாகவும், சடையைத் திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு, அப்படியே நேராகக் கிளம்பினாள். வீட்டில் அந்தத் தலையை யாரும் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி அவள் வீடு திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் ஊரில் எல்லார் போனிலும் அவள் படம். ஏதோ பள்ளி விழாவில் எடுத்தது, முன்பக்கம் சடையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறாள். 'இடுப்பளவு முடி' என்று அடையாளம் எழுதியிருந்தது. படத்துக்குக் கீழே ஊர் உட்கார்ந்து எழுத ஆரம்பித்திருந்தது. ராத்திரி வெளியே சுற்றுகிற பெண்ணுக்கு இதுதான் நடக்கும் என்றான் ஒருவன். காதல் விவகாரம் என்றான் இன்னொருவன், பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி. கண்ணை உருட்டுவதைப் பார், இவள் லேசுப்பட்டவள் இல்லை என்று ஒரு பெண்பிள்ளையே எழுதியிருந்தாள். பெற்றவளும் போன் வைத்திருப்பாளே, படிப்பாளே என்று ஒரு நாய்க்கும் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து நாற்காலியில் மருந்துக்கடைக்காரி உட்கார்ந்திருந்தாள். படத்தைப் பார்த்த அதிர்ச்சியில் கத்திரி அக்கா வாயை விட்டாள்.

"ஐயய்யோ, இந்தப் படத்த வச்சு எப்படித் தேடுவாங்க? அவளுக்கு இப்ப சடையே இல்லையே! நேத்து நான்தானே வெட்டினேன், காதளவுக்கு!"

மருந்துக்கடைக்காரி பாதி வெட்டிய தலையோடு திரும்பினாள். அவள் முகத்தில் வந்த ஆவலைக் கத்திரி அக்கா கண்ணாடியில் பார்த்தாள்.

"வெட்டிக்கிட்டாளா? வீட்டுக்குத் தெரியாமயா? அப்போ எல்லாம் திட்டம் போட்டுத்தான் பண்ணியிருக்கா, சொல்லு!"

"அப்படியெல்லாம் இல்ல, ஆய்வுக்கூடத்துல..."

யார் கேட்டார்கள்? மருந்துக்கடைக்காரி தலை காய்வதற்குள் இறங்கிப் போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் 'அடையாளம் தெரியாமல் இருக்க முடியை வெட்டிக்கொண்டு ஓடிப்போன மாணவி' என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்கும் கையும் காலும் முளைத்தது. ரயிலடியில் ஒருவனோடு பார்த்தேன் என்று மூன்று பேர் சத்தியம் செய்தார்கள். மூன்று பேரும் மூன்று ரயில் சொன்னார்கள். சாப்பிடும்போது புருஷன் போனைத் தட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இங்க பாரு கத்திரி, ஒருத்தன் எழுதியிருக்கான், முடி வெட்டினவளுக்கும் பங்கு இருக்குமாம்!" என்று சிரித்தார்.

"உங்களுக்கு இது சிரிப்பா இருக்கா?"

"நானா எழுதினேன்? ஊரே பேசுது. நமக்கெதுக்கு வம்பு, கம்முனு இரு."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். ஊர் மேல் வந்த அருவருப்பைவிடத் தன் நாக்கு மேல் வந்த அருவருப்பு பெரிதாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் காத்த வாய், திறக்கக் கூடாத நேரம் பார்த்து, திறக்கக் கூடாத ஆளிடம் திறந்ததே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை கடையைப் பூட்டிவிட்டுப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். வாசலில் பத்து ஜோடி செருப்பு, உள்ளே ஆறுதல் சொல்ல வந்த கூட்டம். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கண் மட்டும் அலமாரி, புத்தகம், பெண்ணின் அறைக்கதவு என்று மேய்ந்துகொண்டிருந்தது. பெண்ணின் சித்தப்பாதான் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். கத்திரி அக்காவைப் படியிலேயே நிறுத்தினார்.

"நீதானே முடி வெட்டினேன்னு ஊர் பூரா தம்பட்டம் அடிச்சது? இன்னும் என்னம்மா மிச்சம் வச்சிருக்க?"

"தப்புதாங்க. என் வாயிலதான் மண்ணப் போடணும். ஆனா இந்தப் படத்தப் பாருங்க. புள்ள இப்ப இப்படித்தான் இருக்கா. பழைய படத்த வச்சுத் தேடினா எதிர்ல நின்னாலும் அடையாளம் தெரியாதுங்க. இத எல்லாருக்கும் அனுப்புங்க."

சித்தப்பா படத்தைப் பார்த்தார். குட்டை முடி, வாய் நிறையச் சிரிப்பு. முகம் சுருங்கியது.

"இந்தக் கோலத்த வெளிய விடவா? முடி வெட்டின கதை பொய்னு நாங்க போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கோம். இத விட்டா, ஆமா ஓடித்தான் போனான்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கு இன்னொரு பொண்ணக் கட்டிக் குடுக்கணும் இந்த வீட்ல."

"அவ கிடைக்க வேண்டாமா?"

"மானம் போனப்புறம் கிடைச்சு என்னம்மா பிரயோஜனம்?"

இதைச் சொன்னவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதுதான் சகிக்கவில்லை. அழுகை உண்மை, பேச்சும் உண்மை. கத்திரி அக்கா நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். எழுத்தர், "அது வதந்தின்னு வீட்லயே சொல்லிட்டாங்களே" என்று சொல்லிக்கொண்டே படத்தை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். கூடச் சாப்பிடப் போன தோழிகளைக் கேளுங்கள் என்றாள். இரண்டு வீட்டிலும் பெற்றவர்கள், எங்கள் பெண் அன்று வெளியேவே போகவில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார்களாம். ஒரு பெண் மூன்று நாளாகக் காணவில்லை. பெரியவர்கள் அத்தனை பேரும் அவரவர் வீட்டுக் கதவைத்தான் இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள். த்தூ என்று துப்பத் தோன்றியது அவளுக்கு. ஸ்டேஷன் வாசல் என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கடை திறந்த சற்று நேரத்தில் ஒரு பெண்மணி முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பெண்ணின் அம்மா. கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்கட்டு வழியாக வந்திருந்தாள். பெற்ற பெண்ணைத் தேட அவள் பொய் சொல்லிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

"படம் இருக்காமே. காட்டுங்க அக்கா."

கத்திரி அக்கா போனைக் கொடுத்தாள். அம்மா முதல் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பக்கவாட்டுப் படத்தைப் பார்த்தாள். பின்னால் எடுத்ததையும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கா" என்றாள். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பேன்."

அதற்கப்புறம்தான் அழுதாள். கத்திரி அக்கா அழ விட்டு, பிறகு தான் மருந்துக்கடைக்காரியிடம் உளறியதைச் சொல்ல வாயெடுத்தாள். "அதெல்லாம் அப்புறம். எழுந்திரிங்க" என்றாள் அம்மா. கடையைச் சாத்தினார்கள். ரயிலடிக்குப் போகவில்லை. ரயில் ஏறினாள் என்று நம்புகிறவர்கள் அங்கே போகட்டும், இவர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார்கள்.

உள்ளூரில் இரண்டு இடத்திலும் இல்லை. மூன்றாவது, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில், பக்கத்து ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி. பதிவேட்டில் ஒரு வரி இருந்தது: 'பெயர் தெரியாத பெண், சுமார் இருபது வயது, குட்டை முடி, சாலை விபத்து.' சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனவளை ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்த வழியாகப் போன காய்கறி லாரிக்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டு தன் ஊரில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். போன் சாலையிலேயே போச்சு. வீங்கிய முகம், தலையில் கட்டு. ஆனால் காதோரம் கட்டுக்கு வெளியே தெரிந்த முடியைப் பார்த்ததுமே கத்திரி அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அது அவள் வெட்டிய முடி.

அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வார்டு ஆயா ஓடி வந்தாள், ஆச்சரியத்தில் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு.

"அடக் கடவுளே, அந்தப் பொண்ணா இது! நாங்க மூணு நாளா இங்க நின்னுதான் அவளப் பத்திப் பேசிட்டிருந்தோம். இதே கட்டில்கிட்ட!"

"குட்ட முடின்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? முடி வெட்டினதாவும் கேள்விப்பட்டிருக்கீங்க?" என்றாள் கத்திரி அக்கா.

"கேள்விப்பட்டோம். ஆனா அவதான் ஓடிப்போயிட்டாளே! இங்க படுத்திருப்பான்னு யாரு நெனப்பா?"

கூச்சமே இல்லாமல் சொன்னாள். ஏதோ விடுகதைக்கு விடை கிடைத்த மாதிரி அடுத்த வார்டுக்குச் சொல்ல ஓடினாள். கத்திரி அக்கா வெளியே போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தாள். அதற்கப்புறம் டாக்டர் சொன்னதுதான் இன்னும் கொடுமை. தலைக் காயத்துக்கு அன்றே பார்த்துவிட்டார்கள். இடது கால் எலும்புக்கு அறுவை சிகிச்சை செய்ய வீட்டு ஆள் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். அதற்குள் புண் சீழ் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையே வந்திருந்தால் கால் நேராகியிருக்கும் என்றார்.

பெண் கிடைத்துவிட்டாளே, ஊர் வெட்கப்பட்டதா? ஒரு மண்ணும் இல்லை. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் இவளுக்கு என்ன வேலை என்று மறுநாளே அடுத்ததை ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரி மூன்றாவது வாரம் முடி வெட்டிக்கொள்ள வந்தாள், ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கதை கேட்க. "உனக்கு இங்க இடமில்ல, இறங்கு" என்று நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள் கத்திரி அக்கா.

நான்கு மாதம் கழித்துச் சடைக்காரி வந்தாள், ஊன்றுகோலுடன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு. தையல் போட மழித்த பக்கம் முடி ஒழுங்கில்லாமல் வளர்ந்திருந்தது. சமமாக்க வேண்டும். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கத்திரி அக்கா துணியைக் கழுத்தில் கட்டி, சீப்பை எடுத்தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரியில எனக்குக் கண்ணு தொறக்க வரல, வாயும் வரல. ஆனா காது கேட்டுச்சு" என்றாள் பெண். "யாரோ ஒரு பொண்ணப் பத்திப் பேசிட்டே இருந்தாங்க. முடிய வெட்டிட்டு எவன்கூடவோ ஓடிட்டாளாம், அவள வெட்டிப் போடணுமாம். பாவம், யாரு பெத்த பொண்ணோ, எங்க மாட்டிக்கிட்டு முழிக்கறாளோன்னு நெனச்சேன். அது நான்தான்னு எனக்குத் தெரியலக்கா."

கத்திரிக்கோல் நின்றுவிட்டது. நான்கு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்தது.

"அத மொதல்ல சொன்னது நான்தாண்டி. உன்னத் தேடணுமேன்னுதான் சொன்னேன். ஆனா போலீஸ்கிட்ட சொல்லாம, இந்த நாற்காலியில இருந்தவகிட்ட சொல்லிட்டேன்."

பெண் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் குனிந்து, வெட்டுவதற்கு வாகாகப் பிடரியைக் காட்டினாள். கத்திரி அக்கா வெட்டினாள். மெதுவாகத்தான் வெட்டினாள்.

முடிந்ததும் பழக்கதோஷத்தில் போனை எடுத்தவள், சட்டென்று உணர்ந்து கீழே வைத்தாள்.

"எடுங்கக்கா" என்றாள் பெண். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "மூணும் எடுங்க. அடுத்த தடவ நான் தொலைஞ்சா, பேசறதுக்கு முன்னாடி இதக் காட்டுங்க."