அண்ணா நடந்து போன லிண்டோஸ்

புது பிரோஷர் பெட்டி உடைக்கேக்க ஒரு மணம் வரும்... மையும் பளபளப்புக் கடதாசியும் சேந்த மணம். தொண்ணூறுகளில, நியூசிலாந்தில, நியூ லின் மோலில ஒரு டிராவல் ஏஜென்சியில எனக்கு முதல் வேலை அந்தப் பெட்டியளை உடைச்சு அடுக்கிறதுதான்.

வெளியில மழை. எப்பவும் மழை. பிரோஷரில மட்டும் நீலக் கடலும் வெள்ளை வீடும்.

நான் அப்ப அகதியா வந்து ரெண்டு வருசம். ஆறு மாதம் ட்ரையல். அது முடிய பேர்மனன்ட் ஆக்கினால், அவை தாற கடிதத்தைக் காட்டி யாழ்ப்பாணத்தில தனிய கிடக்கிற அம்மாவை ஸ்பொன்சர் பண்ணலாம். அதுக்காகத்தான் அந்த வேலை. வேற ஒரு ஆசையும் இல்லை.

ஆனா கிரேக்கத் தீவு எண்டு ஆர் வந்தாலும் முதலாளி ஜூடி என்னட்டத்தான் அனுப்புவா. ரோட்ஸ் தீவு எனக்குத் தலைகீழாப் பாடம்.

ஏனெண்டா என்ர அண்ணா எண்பதுகளில கிரேக்கக் கப்பல்ல வேலை செய்தவர். எங்கட ஊர்ப் பெடியள் கனபேர் அப்பிடிப் போனவங்கள். ரோட்ஸில இருந்து அவர் எழுதின நீல ஏரோகிராம் கடிதம், இண்டு இடுக்கு விடாமல் எழுதினது... துறைமுக வாசல்ல ரெண்டு தூண், மேல ரெண்டு மான். முந்தி அந்த இடத்தில ஒரு காலை இஞ்சாலயும் மற்றக் காலை அங்காலயும் வைச்சு ஒரு பெரிய வெண்கலச் சிலை நிண்டதாம். கோட்டைக்குள்ள கல்லுப் பாவின தெரு. வீரர் இருந்த மாளிகை.

கடைசியில, "பின்னேரம் லிண்டோஸுக்கு நடந்து போய், மலையில முந்நூறு படி ஏறிப் பழைய கோயிலைப் பாத்திட்டு, சாப்பாட்டு நேரத்துக்குக் கப்பலுக்கு வந்திட்டன்" எண்டு இருந்தது.

அம்மா அதை எங்கட ஒழுங்கை முழுக்க வீடு வீடாச் சொல்லித் திரிஞ்சவ.

ஒருநாள் ஏஜென்சிக்கு ஒரு ரிட்டயர்ட் சோடி வந்தினம். லிண்டோஸுக்கு எப்பிடிப் போறது எண்டு கேட்டினம். பிரோஷரில பஸ் எண்டு கிடந்தது. நான் சொன்னன், "பஸ் ஏன்... துறைமுகத்தில இருந்து நடந்தே போகலாம்."

பிரோஷர் எழுதினவன் விக்கிறதுக்கு எழுதுறான், என்ர அண்ணா கண்ணால கண்டவர். அப்பிடித்தான் நினைச்சன். நான் ஒரு விசரி.

ஆறு கிழமை கழிச்சு அந்தச் சோடியில மனுசி மட்டும் தனிய வந்தா. லிண்டோஸ் ஐம்பது கிலோமீட்டராம். வெயிலுக்குள்ள நடக்க வெளிக்கிட்டு, மனுசன் றோட்டில மயங்கி விழுந்து நாலு நாள் ஆசுப்பத்திரியில.

ஜூடி என்னைக் கூப்பிட்டா. "நீ அங்க போயிருக்கிறியா?"

"இல்லை. என்ர பிரதர்..."

முடிக்க விடேல்லை. அந்த வெள்ளிக்கிழமையோட வேலை போச்சு. அவவில பிழை சொல்ல ஏலாது.

அடுத்தநாள் காலமை லண்டனில இருக்கிற அண்ணாவுக்கு ஃபோன் கார்ட் போட்டு எடுத்தன்.

"அண்ணா, லிண்டோஸுக்கு எப்பிடி நடந்தனீங்கள்?"



"நான் இறங்கவே இல்லை தங்கச்சி. எங்கட பாஸ்போட்டெல்லாம் காப்டன் வாங்கி வைச்சிருந்தவன். டெக்கில நிண்டு அந்த மான் ரெண்டையும் பாத்தன். மிச்சமெல்லாம் சமையல்காரன் வாங்கிவந்த போஸ்ட்காட்டில இருந்தது."

"அப்ப ஏன் பொய் எழுதினீங்கள்?"

"வேற என்னத்தை எழுத? எஞ்சின் ரூம் சூட்டில முதுகு வெந்ததையோ? நீ வாசிக்க அம்மாவெல்லோ கேட்டுக்கொண்டு இருப்பா."

ஃபோனை வைச்சிட்டன். ஒரு வருசம் அவரோட கதைக்கேல்லை. அவரில கோபம், அந்தக் காப்டனில கோபம், போகாத ஊருக்கு வழி சொன்ன என்னில அதைவிடக் கோபம்.

அம்மா வந்து சேர மூண்டு வருசம் பிந்தினது. அந்த மூண்டு வருசமும் செல்லடிக்கும் குண்டுக்கும் நடுவில தனிய இருந்தவ. வந்தும் லின்ஃபீல்டில எங்கட வீட்டு லவுஞ்சில இருந்துகொண்டு வாற சனத்துக்கெல்லாம், "என்ர மூத்தவன் கிரேக்கத்தில முந்நூறு படி ஏறினவன்" எண்டு சொல்லுவா. நான் தேத்தண்ணியைக் குடுத்திட்டுக் குசினிக்குள்ள போயிடுவன். கேக்கக் கேக்கப் பத்தி எரியும்.

இப்ப அம்மாவும் இல்லை, அண்ணாவும் இல்லை.

போன மாதம் என்ர மகள் ரோட்ஸுக்குப் போனவள். நியூசிலாந்து பாஸ்போட். இமிகிரேஷனில ஒரு கேள்வியும் இல்லையாம். அண்ணாவை இறங்க விடாத கரையில இவள் ஐஸ்கிறீமோட நிக்கிறாள்... பின்னால அந்த ரெண்டு மானும். அவள் அனுப்பின படத்தைப் பாக்கச் சந்தோசம் வரவேண்டியது, எனக்குக் காப்டன் வாங்கி வைச்ச அந்தப் பாஸ்போட்தான் நினைவில வந்தது.

பிறகு லிண்டோஸ் பஸ்ஸில இருந்து இங்கிலீசில ஒரு மெசேஜ். "அம்மா, பஸ் ஒரு மணித்தியாலமா ஓடுது. மாமா உண்மையாவே இவ்வளவு தூரம் நடந்தவரா? அம்மம்மா சொல்லுறவ."

அந்தப் பொய் எனக்கு என்ன செய்தது எண்டு எனக்குத்தான் தெரியும்.

"ஓம்" எண்டு எழுதினன். "உன்ர மாமா நல்லா நடப்பார். நீ அந்த முந்நூறு படியும் ஏறிப்போட்டு வா."