பெட்டியின் வெளியே எழுதக்கூடாது

அப்பா போனபிறகு வீட்டில் மிஞ்சிய பொருட்களில் அம்மா கிட்டப் போகப் பயந்தது ஒன்றுக்குத்தான். படுக்கையறை மூலையில், சுவரோடு சேர்த்து இறுக்கிய இரும்புப் பெட்டகத்துக்குள் இருந்த அவருடைய நீளத் துவக்கு.

சொன்னால் கனபேர் நம்புவதில்லை. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்த மனிதர், ஜேர்மனியில் சனிக்கிழமைகளில் சுடுகிற சங்கத்துக்குப் போனார். கடதாசியில் கீறிய வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவது, அவ்வளவுதான். ஒரு குருவியைக்கூடச் சுட்டதில்லை. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போகும்போது யாராவது அவரைச் சீண்டாமல் விடமாட்டார்கள்.

"என்ன அண்ணை, அங்க விட்டதை இஞ்ச பிடிக்கிறியளோ?"

அப்பா கோபிக்கமாட்டார். "அங்க அது என்னைப் பூட்டி வைச்சிருந்தது. இஞ்ச நான் அதைப் பூட்டி வைச்சிருக்கிறன்," என்று சொல்லிவிட்டு மோர் வாங்கப் போய்விடுவார்.

அவரைச் சங்கத்துக்குக் கூட்டிப்போனவர், தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் வேலை செய்த ஒரு ஜேர்மன்காரர். முதல் நாள் அப்பாவுக்குக் கை நடுங்கியதாம். அந்த மனிதர் சிரிக்கவில்லையாம். பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, "இன்றைக்குச் சுடவேண்டாம், சும்மா பிடித்துப் பார்," என்றாராம். பிறகு சனிக்கிழமை என்றால் இரண்டு பேரும் ஒன்றாகத்தான். அம்மா ரோல்ஸ் பொரித்துக் கொடுத்துவிடுவா. அதைச் சாப்பிடவே சங்கத்தில் சிலர் காத்திருப்பார்கள் என்று அப்பா பெருமையாகச் சொல்லுவார். இந்தத் துவக்கைக் கடையில் பார்த்துத் தெரிந்து எடுத்ததும் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை அப்பா என்னிடம் கேட்டது வேறொன்றும் இல்லை.

"அதை உடைக்க விட்டிடாத பிள்ளை. அவனிட்டக் குடு."

நான் ஓம் என்று சொன்னேன். அது எவ்வளவு கஷ்டமான ஓம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் படிப்பு இல்லாதவள். ஊரில் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அப்பா எங்களை இங்கே கூப்பிட்டபிறகு பள்ளிக்கூடம் எனக்கு ஒட்டவில்லை. இப்போது முதியோர் இல்லம் ஒன்றில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை. கதைக்கிற ஜேர்மன் வரும். அரசாங்கக் கந்தோர்க் கடிதம் வந்தால் திறக்கவே பயம். அப்படியான நான்தான், செத்தவீடு முடிந்த கையோடு, ஆயுதங்களுக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்து, "அப்பா செத்துப்போனார், வீட்டில் துவக்கு இருக்கிறது," என்று சொன்னேன். சொல்லிமுடிக்க முதலே அழுதுவிட்டேன்.

மறுபக்கத்தில் இருந்த பெண் நான் அழுது முடியும் வரைக்கும் பொறுத்தார். பிறகு, "உடனே அறிவித்தது நல்லது. நேரே வாருங்கள், ஆறுதலாகக் கதைக்கலாம்," என்று நாளும் நேரமும் குறித்து ஒரு தெர்மீன் தந்தார். அந்த முகம் தெரியாத பொறுமையை நான் மறக்கவே மாட்டேன்.

போனபோது எனக்கு விளங்குகிற மாதிரி மெல்ல மெல்லச் சொன்னார். வைத்திருக்க விருப்பம் என்றால் அதைச் சுட ஏலாதபடி ஒரு பூட்டுப் போட வேண்டும், அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். வேண்டாம் என்றால் அவர்களிடம் கொடுக்கலாம், அழித்துவிடுவார்கள். இல்லையென்றால் அனுமதி அட்டை உள்ள ஒருவருக்குக் கொடுக்கலாம். யாருக்கு என்று கேட்டார். அப்பாவின் கூட்டாளியை, அந்த ஜேர்மன்காரரைச் சொன்னேன். ஓய்வு எடுத்தபிறகு அவர் மகளோடு டிரெஸ்டன் பக்கம் போய்விட்டார். அவருடைய அட்டையில் இந்த வகைத் துவக்குக்கு இடம் இருக்கிறதா என்று அந்தப் பெண்ணே விசாரித்து, "ஓம், கொடுக்கலாம்," என்று சொல்லி, துவக்கை அனுப்பிவிட ஒரு தவணையும் தந்தார்.

அந்தத் தவணையைப் பிந்தவைத்தது எங்கள் அம்மா.

"அந்தியேட்டி முடியாமல் அவற்ற சாமான் ஒண்டும் இந்த வாசலைத் தாண்டாது."

"அம்மா, இது சட்டம்."

"இதுவும் சட்டம்தான்."

திரும்பவும் அலுவலகத்துக்குப் போய், செத்தவருக்கு ஒரு மாதம் கழித்து எங்கள் ஆட்கள் செய்கிற கிரியையைப் பற்றி, எனக்குத் தெரிந்த ஜேர்மனில் விளங்கப்படுத்தினேன். கிரியைக்கும் துவக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "அம்மாவுக்கு அது முக்கியம், இல்லையா?" என்றார். தவணையைத் தள்ளிப் போட்டார். ஆனால், "இதற்கு மேலே என்னால் ஏலாது. கிரியை முடிந்து வருகிற வெள்ளிக்கிழமைக்குள் துவக்கு வீட்டை விட்டுப் போகாவிட்டால் எங்கள் ஆட்கள் வந்து எடுப்பார்கள். எடுத்தால் அழிக்கத்தான் போகும்," என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அந்தியேட்டி முடிந்தது. ஆனால் கூட்டாளி வந்து எடுக்க வழியில்லை. இடுப்பு எலும்பு சத்திரசிகிச்சை செய்து பொல்லு ஊன்றி நடக்கிறார், கார் ஓட ஏலாது. நான் கொண்டுபோகவும் முடியாது, என்னிடம் அனுமதி அட்டை இல்லை. அதனால் பார்சலில்தான் அனுப்ப வேண்டும்.

அவர் ரெலிபோனில் ஒவ்வொன்றாகச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொண்டேன். பாணும் பாலும் வாங்கப் போகிற மாதிரித் தபால் கந்தோருக்குப் போய்க் கொடுக்க முடியாது, சாதாரண பார்சல் கொம்பனிகள் ஆயுதம் எடுக்காது. அதற்கென்று இருக்கிற கொம்பனியைக் கூப்பிட்டால் வீட்டுக்கு வந்து, அடையாள அட்டை பார்த்து எடுப்பார்கள். அங்கேயும் அவருடைய கையிலேயேதான் கொடுப்பார்கள், அட்டை காட்ட வேண்டும். அவர் இல்லையென்று பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிற கதையெல்லாம் இல்லை. துவக்கு வெறுமையாக இருக்க வேண்டும். குண்டு ஒன்றுகூட அந்தப் பெட்டிக்குள் போகக்கூடாது. அப்பாவின் மிச்சக் குண்டுகளைச் சங்கத்தின் தலைவர் ஏற்கெனவே வந்து எடுத்துப் போயிருந்தார். போகும்போது, துவக்கின் குண்டறைக்குள் ஒன்றும் இல்லை என்று பார்த்து, துவக்கை அதன் கறுப்புப் பிளாஸ்ரிக் உறைப்பெட்டியில் வைத்துப் பூட்டியும் தந்தார்.

"கடைசியாக ஒன்று," என்றார் கூட்டாளி. "உறைப்பெட்டியை இன்னொரு மட்டைப் பெட்டிக்குள் வை. வெளியே பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. ஒரு சொல்லும் எழுதாதே."

நீளமான மட்டைப் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். உறைப்பெட்டியை உள்ளே வைத்தால் ஒரு பக்கத்தில் இடம் மிஞ்சியது. அம்மா அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றா.

"வெறும் இடமாய் விடுறதோ? ஒரு பாக்கெட் மிளகாய்த்தூள் வைப்பம். அந்த மனிசனுக்கு என்ர தூள் விருப்பம்."

"அம்மா, துவக்கோட மிளகாய்த்தூளோ? பொலிஸ் என்னையும் உங்களையும் சேர்த்துக் கொண்டுபோகும்."

கோபத்தோடு குசினிக்குப் போனா. நான் பழைய துவாய்களைச் சுருட்டி அந்த இடைவெளியில் திணித்து, ஒட்டுகிற ரேப் சுற்றிவிட்டு வேலைக்குப் போனேன். அது வியாழக்கிழமை. பின்னேரம் வந்து பார்க்க, பெட்டியின் நீளப் பக்கம் முழுக்க, கறுத்த தடித்த பேனையால், அம்மாவின் வட்ட வட்டக் கையெழுத்து:

"உள்ளே துவக்கு. கவனம். அவர் ஒருநாளும் இதைக் கீழே போட்டதில்லை."

"அம்மா! ஒண்டும் எழுதக்கூடாது எண்டெல்லோ சொன்னனான்!"

"ஜேர்மனில எழுதினாத்தானே பிழை? தமிழில எழுதினா இஞ்ச ஆர் வாசிக்கப் போகினம்? பார்க்கிறவன் பூ கீறியிருக்கெண்டு நினைப்பான். ஒண்டும் எழுதாமல் விட்டா எறிஞ்சு விளையாடுவாங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா போனபிறகு அதுதான் முதல் சிரிப்பு. சரி, யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கதவு மணி அடித்தது. கொம்பனிச் சட்டை போட்ட ஒருவர், முப்பது வயதிருக்கும். ஜேர்மனில் காலை வணக்கம் சொல்லி, என் பாஸ்போட்டையும் அலுவலகக் கடிதத்தையும் வாங்கிப் பார்த்தார். பிறகு நடைபாதையில் சாய்த்து வைத்திருந்த பெட்டியைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். அவருடைய உதடு மெல்ல அசைந்தது.

"இதை ஆர் எழுதினது?" என்று தமிழில் கேட்டார்.

குசினியில் இருந்து அம்மா ஓடி வந்தா, முகமெல்லாம் சந்தோசம்.

"தம்பி, நீங்கள் தமிழோ! அப்ப ஒரு பிரச்சினையும் இல்லை. உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி குடிக்கலாம்."

"பிரச்சினையே அதுதான் அம்மா. நான் வாசிச்சிட்டன்."

"நீங்கள் எங்கட ஆள்தானே?"

"எங்கட டிப்போவில பாதிப் பெடியள் எங்கட ஆக்கள்தான். எல்லாரும் வாசிப்பாங்கள். வெளியில துவக்கெண்டு எழுதின பெட்டியை நான் வானில ஏத்த ஏலாது. ஏத்தினா என்ர வேலை போயிடும்."

"அதில கடதாசி ஒட்டி மறைச்சா?" என்று கேட்டேன்.

"ஒட்டினது கழண்டா? வேற பெட்டியில போட்டு வையுங்கோ, திங்கக்கிழமை ஆரும் வருவினம்."

"திங்கக்கிழமை துவக்கு இராது அண்ணை," என்றேன். "இண்டைக்குத்தான் கடைசி நாள். இண்டைக்குப் போகாட்டி கந்தோரால வந்து எடுத்து உடைச்சுப் போடுவினம். அப்பா என்னட்டக் கேட்டது இது ஒண்டுதான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், மேசையில் மாலை போட்டு வைத்திருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"இந்த ரவுணில எனக்கு இன்னும் ரெண்டு இடம் இருக்கு," என்றார் கடைசியில். "முடிச்சுக்கொண்டு திரும்பி வாறன். நான் வரேக்க வெளியில ஒரு எழுத்தும் இருக்கக்கூடாது. அவ்வளவுதான் என்னால ஏலும்."

கதவைச் சாத்தியதும் அம்மா அழத் தொடங்கினா. "நான்தான் கெடுத்தன், நான்தான் கெடுத்தன்." அவ்வளவு நீளமான பெட்டி விற்கிற கடை ஊருக்கு வெளியே. பஸ்ஸில் போய் வர நேரமில்லை. நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோய்க்கிற இடத்தில் நான் நாள் முழுக்கச் செய்கிற வேலை, வயோதிபர்களின் உடுப்பை உள்பக்கம் வெளியே வர மறித்துப் போடுவது. மட்டையும் ஒரு உடுப்பு மாதிரித்தானே என்று எனக்குத் திடீரென்று பட்டது.

"அழாதேங்கோ அம்மா. கத்தி எடுத்துக்கொண்டு வாங்கோ."

ரேப்பை வெட்டி, பூட்டிய உறைப்பெட்டியை வெளியே எடுத்து நிலத்தில் வைத்தோம். மட்டைப் பெட்டியின் ஒட்டிய விளிம்பைப் பிரித்துப் பாய் மாதிரி விரித்தேன். நிலத்தைப் பார்த்தபடி இருந்த எழுத்து மேலே வரப் பிரட்டி, மடிப்புகளை எதிர்ப்பக்கமாக முறித்து மடித்தேன். மட்டை இலேசில் மடங்கவில்லை. அம்மா முழங்காலால் அமத்திப் பிடித்தா, நான் ரேப் சுற்றினேன். உறைப்பெட்டி, துவாய், மூடி, இன்னும் ரேப். இப்போது வெளியே வெறும் மண்ணிற மட்டை. அம்மாவின் எழுத்து முழுக்க உள்ளே, துவக்கோடு.

அவர் சொன்ன மாதிரியே திரும்பி வந்தார். பெட்டியைச் சுற்றிவந்து, குனிந்து அடிப்பக்கத்தையும் தடவிப் பார்த்தார்.

"எழுத்து எங்க போனது?"

"உள்ளுக்கு," என்றேன்.

சிரித்துவிட்டார். "அது படத்தில இருக்கிற ஐயாவுக்கும் துவக்குக்கும் இடையில இருக்கிற கதை. எனக்குத் தெரியாது." விலாசச் சீட்டை ஒட்டினார். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால் வைத்தார். அவர் அம்மாவின் எழுத்தை வாசித்தவர் அல்லவா. அம்மா பின்னால் ஓடிப்போய் வானின் யன்னலுக்குள் ஒரு பை ரோல்ஸைத் திணித்தா. அதற்கு அவர் ஒரு சட்டமும் சொல்லவில்லை.

அலுவலகப் பெண்ணுக்கு ரெலிபோன் எடுத்து, "போய்விட்டது," என்றேன். "நல்ல காரியம்," என்றார். போய்ச் சேர்ந்ததும் எழுத்தில் அறிவிக்கும்படி சொல்லிவிட்டு, "அம்மா எப்படி இருக்கிறார்?" என்றும் கேட்டார். அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

அடுத்த கிழமை தொடக்கத்தில் கூட்டாளி ரெலிபோன் எடுத்தார். பெட்டி அவருடைய கைக்கே வந்துவிட்டதாம், அட்டையைப் பார்த்துக் கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தார்களாம். துவக்கில் ஒரு கீறலும் இல்லை என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

"பெட்டியின் உள்பக்கத்தில் உங்கள் மொழியில் ஏதோ எழுதியிருக்கிறது. என்ன அது?"

நான் ஜேர்மனில் சொன்னேன். உள்ளே துவக்கு. கவனம். அவர் ஒருநாளும் இதைக் கீழே போட்டதில்லை.

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "உண்மை," என்றார். "ஒருநாளும் போட்டதில்லை. அந்த முதல் நாள் கை நடுங்கியபோதுகூட." அந்த மட்டையை எறியப் போவதில்லை என்றும், பொல்லை விட்டதும் சங்கத்தில் அந்தத் துவக்கால் ஒரு சனிக்கிழமை அப்பாவுக்காகச் சுடுவேன் என்றும், அதற்கு நாங்கள் வர வேண்டும் என்றும் சொன்னார். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, ரோல்ஸ் பற்றியும் கேட்டார்.

நான் ரெலிபோனை வைக்க, அம்மா குசினி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றா.

"என்னவாம்?"

"பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்திட்டுதாம். ஒரு கீறலும் இல்லையாம்."

அம்மா தலையை ஆட்டினா. நாட்கணக்கில் வாடியிருந்த முகத்தில் பழைய பிடிவாதம் திரும்பி வந்திருந்தது. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

"பின்ன," என்றா. "நான் எழுதிவிட்டபடியாலதான்."