சஹனில் அவள் பக்கம்

என் மகளை நான் முதன்முதலில் அடித்தது ஒரு பீட்ரூட் துண்டுக்காக. அப்போது அவளுக்கு மூன்றரை வயது. வெள்ளைச் சோறு, பொரித்த முட்டை, பப்படம், இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் அவள் வாய்க்குள் போகாது. முட்டையில் ஒரு வெங்காயத் துண்டு தெரிந்தாலும் சோற்றுப் பீங்கானைத் தள்ளிவிடுவாள். அன்று பீட்ரூட் சாறு சோற்றில் சிவப்பாக ஊறிப் பரவுவதைப் பார்த்ததும் தள்ளினாள். பீங்கான் தரையில் விழுந்து உடைந்தது. என் கை போய்விட்டது.

கை போய்விட்டது என்று சொல்வது ஏமாற்று. கை தானாகப் போகாது. நான்தான் அடித்தேன், கன்னத்தில், ஐந்து விரலும் பதிய. அடித்துவிட்டு, உடைந்த பீங்கானைக் கூட்டிக்கொண்டே அழுதேன். அழுதது அவளுக்காகவா எனக்காகவா என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை.

நான் ஒரு ஆசிரியை. கண்டி நகரில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குக் கற்பிக்கிறேன். பதினொரு வருடத்தில் ஒரு பிள்ளையின் மேல் விரல் வைத்ததில்லை. வைத்தால் வேலை போய்விடும். வீட்டில் அடித்தால் வேலை போகாது. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான். ஹந்தானைப் பாதை மேட்டில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு, பஸ்ஸில் நசுங்கி, ஏற்றத்தில் மூச்சு வாங்கி வந்து சேரும்போது அந்த நுனி இன்னும் கூராகியிருக்கும். அதன்பிறகு சமைத்து, பிசைந்து, உருட்டி வாயருகே கொண்டு போனால் அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்புவாள்.

கிளினிக்கில் அவளை நிறுத்துப் பார்த்த தாதி, நிறை போதாது என்று அட்டையில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினாள். அந்தப் புள்ளி என் மண்டைக்குள் ஆணியாக இறங்கிவிட்டது. பிள்ளை வற்றிப் போய்விடுவாள் என்று நான் உண்மையிலேயே பயந்தேன். பயம்தான் என் கையில் அடியாக வந்தது. இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை. என்னை அடித்த என் வாப்பாவும் பயந்துதான் அடித்திருப்பார்.

வாப்பா பகலில் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வருவார். அவர் சோற்றில் கை வைக்கும்போது நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு ஈரல் பிடிக்காது. அந்த மாவு மாதிரியான கசப்பு நாக்கில் பட்டதும் தொண்டை மூடிக்கொள்ளும். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒருநாள், வாயில் போட்ட ஈரலை அப்படியே பீங்கானில் துப்பினேன்.

"அடியாத மாடு படியாது" என்றார் வாப்பா. பெல்ட்டைக் கழற்றினார். முதுகிலும் தொடையிலும் விழுந்தது. அதை நான் தாங்கிக்கொண்டேன். பிறகு என் பிடரியைப் பிடித்துக் குனிய வைத்து, "துப்பினத யாரு தின்ற? தின்னு!" என்றார். தின்றேன். உம்மா அடுப்படி வாசலில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து இன்றுவரை ஈரலை நான் வாயில் வைத்ததில்லை. வாப்பா மௌத்தானபோது எல்லோரையும்விட அதிகமாக அழுததும் நான்தான். என் பிள்ளையை ஒருநாளும் சோற்றுக்காக அடிக்க மாட்டேன் என்று, அவள் பிறப்பதற்கு முன்பே எத்தனையோ தரம் நினைத்திருந்தேன்.

பீட்ரூட்டுக்குப் பிறகு அந்த நினைப்பெல்லாம் காற்றில் போனது. முதலில் தொடையில் கிள்ளினேன். பிறகு மூக்கைப் பொத்தினேன். மூச்சுக்கு வாய் திறந்தே ஆகவேண்டும், திறந்ததும் உருண்டையைத் திணித்துவிடுவேன். பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் இரண்டு கன்னத்தையும் அழுத்தினால் பல் தானாகத் திறக்கும் என்பதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வெற்றி கிடைத்த மாதிரி இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோசப்பட்டேன்.

"விடுங்களேன். பசிச்சா திம்பா" என்பார் என் கணவர். கண்டியில் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். குரல் உயர்த்தாத மனிதர்.

"நீங்க காலைல போனா ராவைக்குத்தான் வாற. பசிச்சுத் திண்டத நீங்க எப்ப கண்ட?" என்று அவர்மேல் பாய்வேன். அவர் எழுந்து போய்விடுவார். அவர் போன கோபமும் அடுத்த உருண்டையோடு சேர்ந்து பிள்ளையின் வாய்க்குள் போகும்.

அவளுக்கு நாலு வயது முடிந்த பிறகு, அலவத்துகொடையில் என் கணவரின் மூத்த சகோதரி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், புது வீடு குடிபுகுந்தார். பகல் சாப்பாடு சஹனில். பெரிய வட்டத் தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, அதன் மேல் கறிகளை வைத்து மூடிக் கொண்டுவந்து விரிப்பில் வைப்பார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கை போடுவது எங்கள் வழக்கம். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் அவரவர் தின்ன வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீளக் கூடாது. இதை எங்கள் பிள்ளைகள் பேசப் பழகும்போதே பழகிவிடுவார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தனிப் பீங்கானில் போட்டுக் கொடுக்க மதினி ஏற்பாடு செய்திருந்தார். நான்தான் வீறாப்பில், "வாணா மதினி, அவ எங்களோடயே இருந்து திம்பா" என்றேன். இத்தனை பேருக்கு முன்னால் வெட்கத்திலாவது வாயைத் திறப்பாள் என்பது என் கணக்கு. இவ்வளவு முட்டாள்தனமான கணக்கை என் வகுப்பில் ஒரு பிள்ளைகூடப் போட்டதில்லை.

பெண்களின் அறையில் நானும் மதினியும் இன்னும் மூன்று சொந்தக்காரப் பெண்களும் உட்கார்ந்தோம். எனக்கும் மதினிக்கும் நடுவில் அவள். கோழி, மாட்டிறைச்சி, கத்தரிக்காய், அன்னாசித் துண்டு போட்ட அச்சாறு, ஈரல் பொரியல் எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. அவள் தன் முன்னால் கறி படாமல் இருந்த வெள்ளைச் சோற்றில் நாலு பருக்கையைப் பொறுக்கித் தின்றாள்.

எதிரே இருந்த பெண் சிரித்தாள். "இன்னும் வெறுஞ்சோறுதானா? எங்கட புள்ளகள் இந்த வயசுல கருவாடும் கடிக்கும். டீச்சர்ட புள்ளக்கே சொல்லிக் குடுக்க ஏலாதா? அஞ்சுல வளயாதது அம்பதுல வளயுமா?"

என் காது இரண்டும் எரிந்தன. அந்தப் பெண்ணின் கன்னத்தில் அறைய முடியாது. அறையக்கூடிய ஆள் என் பக்கத்தில் இருந்தாள். சஹனில் கை வைத்து எடுத்தேன். கைக்கு வந்தது ஈரல். நானே தொடாத சாமானை ஏன் எடுத்தேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டுவிட்டேன். அதைவிட மோசமானது எனக்குத் தெரியாது, அதனால்தான் எடுத்திருப்பேன்.

"தின்னுங்க மகள்" என்றேன், ஆட்களுக்காகச் சிரித்த முகத்தோடு. அவள் தலையை ஆட்டினாள். இடது கையால் அவள் கன்னத்தை அழுத்தினேன். பல் திறந்தது. துண்டைத் தொண்டைவரை தள்ளி, உள்ளங்கையால் வாயைப் பொத்தினேன். அவள் உடம்பு தூக்கிப் போட்டது. கண் வெளியே பிதுங்கியது. என் விரல்களுக்கு இடையில் சூடாக வாந்தி வந்தது, கையை எடுத்ததும் மிச்சமெல்லாம் சஹனில் விழுந்தது.

மற்ற நாலு பேரின் கைகளும் ஒரே நேரத்தில் பின்வாங்கின. ஒருத்தி "யா அல்லாஹ், புள்ள சத்தி எடுத்துட்டா" என்றாள். நான் பிள்ளையை அடித்தேன். ஒன்று இல்லை. எத்தனை என்று நான் எண்ணவில்லை, மதினி என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கும்வரை அடித்தேன். அவளுடைய உதடு பல்லில் பட்டுக் கிழிந்திருந்தது. அவள் பக்கத்து வெள்ளைச் சோற்றில் இரத்தம் விழுந்து, பீட்ரூட் சாறு மாதிரியே ஊறிப் பரவியது. அவள் அழவில்லை. அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதினி பிள்ளையை என் கணவரிடம் கொடுத்துவிட்டு வந்து, அடுப்படிக் குழாயடியில் என்னைப் பிடித்தார்.

"நீங்க பாத்தீங்களா, அவ என்ன செஞ்சிட்டு இருந்த எண்டு? அன்னாசித் துண்டொண்ட தானாவே எடுத்து நக்கிட்டு இருந்தா. மெல்லமா, ஒளிச்சி ஒளிச்சி. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். அந்த நேரத்துலதான் நீங்க ஈரலத் திணிச்சீங்க."

நான் குழாயைத் திறந்து விரல்களைக் கழுவினேன்.

"சஹன்ல அடுத்தவங்கட பக்கம் கை போட்டா எங்கட வாப்பா எழுப்பி வுட்டுருவார். நீங்க அவட வாய்க்குள்ளயே கை போட்டுட்டீங்க. போய் புள்ளகிட்ட மாப்புக் கேளுங்க."

கேட்கவில்லை. பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. நாக்கு எழவில்லை.

அன்றிலிருந்து என் மகள் நான் இருக்கும் இடத்தில் தின்னவில்லை. நான் பீங்கானோடு வந்தால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். தண்ணீர்க் கோப்பையை நீட்டினாலும் அப்படித்தான். அவளுக்குச் சோறு தீத்துவதற்காக என் கணவர் காலையில் கடைக்குப் பிந்திப் போனார், பகலில் பூட்டிவிட்டு வந்தார். நான் பாடசாலை விட்டு வந்து சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அவள் பப்படம் கடிக்கும் சத்தத்தைக் கேட்பேன். இனி எந்தக் காலத்திலாவது இவள் என் முன்னால் வாயைத் திறப்பாளா? எனக்கு அந்த நாட்களில் வேறு கேள்வியே இருக்கவில்லை. நிறை, புள்ளி, அட்டை எல்லாம் மறந்துபோயின.

மூன்றாவது கிழமை நான் சந்தைப் பக்கம் போய் ஒரு சின்ன அலுமினியத் தட்டு வாங்கினேன். மூன்று பேருக்கான சஹன். ஜும்ஆத் தொழுகை முடிந்து கணவர் வீட்டுக்கு வரும் வெள்ளிக்கிழமைப் பகலில் அதை விரிப்பில் வைத்தேன். அவள் பக்கம் வெறும் சோறும் முட்டையும். நடுவில் கறிகள், எதுவும் எதையும் தொடாமல், சின்னச் சின்னக் கிண்ணங்களில். நான் அவளிடம் ஒன்றுதான் சொன்னேன்: "அது உங்கட பக்கம். உம்மாட கை அங்க வராது."

அவள் நம்பவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வெள்ளி ஒன்றும் தின்னவில்லை. இரண்டாவது வெள்ளி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு முட்டையைத் தின்றாள். மூன்றாவது வெள்ளி ஒரு பப்படத்தோடு எழுந்தாள். எனக்குக் கொதித்தது. அடுப்படிக்குப் போய்க் கறி அகப்பையைச் சுவரில் விட்டெறிந்தேன். சாந்து பெயர்ந்த இடம் இன்னும் இருக்கிறது, வீட்டுச் சொந்தக்காரருக்கு நான் காரணம் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்து என் பக்கத்துச் சோற்றைத் தின்று முடித்தேன்.

பிறகு ஒருநாள் அவள் வெள்ளரித் துண்டு ஒன்றை நக்கிவிட்டுத் திருப்பி வைத்தாள். நாங்கள் மூச்சு விடவில்லை. "ஆ, நல்ல புள்ள" என்று சொல்லக்கூட இல்லை, மதினியின் பாடம் அது. இன்னொரு வெள்ளி பருப்பில் ஒரு விரலை முக்கினாள். அன்னாசியைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டாள். நக்கிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் தட்டின் ஓரத்தில் வைக்கலாம் என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது. பூசணி ஓரத்துக்குப் போனது. பயற்றங்காய் உள்ளே போனது. எட்டு மாதத்தில் பன்னிரண்டு பதின்மூன்று சாமான் தின்னப் பழகினாள், பீட்ரூட்டைத் தவிர. பீட்ரூட்டை நான் சமைப்பதை விட்டுவிட்டேன். உதட்டின் உட்பக்கத் தழும்பு அவள் சிரிக்கும்போது தெரியும். மன்னிப்பு மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை. பிள்ளை மறந்திருப்பாள், கேட்டு ஏன் நினைவூட்ட வேண்டும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளி, என் கணவர் ஈரல் வாங்கிவந்து தானே பொரித்தார். அவருக்கு அது உயிர். கிண்ணம் நடுவில் வந்தது. மகள் ஒரு நுனியை நக்கினாள், முகத்தைச் சுளித்தாள், ஓரத்தில் வைத்தாள். அதோடு விடவில்லை.

"உம்மா, நீங்க நக்கிப் பாக்கல்லயே?"

சட்டம் சட்டம்தானே. ஒரு துண்டை எடுத்தேன். கை பாதி வழியில் நின்றது. பிடரியில் என் வாப்பாவின் விரல்கள் இருந்தன. என் கணவருக்கு இந்தக் கதை தெரியாது, நான் யாருக்கும் சொன்னதில்லை. அவர் விளையாட்டாகச் சிரித்துக்கொண்டு, "டீச்சருக்கே பயமா? ஆ காட்டுங்க" என்று ஒரு துண்டை என் வாய்ப் பக்கம் நீட்டினார்.

மகள் துள்ளி எழுந்தாள். சோறு சிதறியது. என் மடியில் ஏறி, பருப்பு அப்பிய இரண்டு கையாலும் என் வாயை இறுக்கிப் பொத்தினாள், தன் வாயைப் பொத்திக்கொண்ட அதே மாதிரி.

"வாப்பா, திணிக்க வாணா!" என்று கத்தினாள். "உம்மாக்கு அடிக்கவும் வாணா. உம்மா சத்தி எடுக்க மாட்டா. உம்மாட உதட்டுல ரத்தம் வரும்!"

அவர் கையைக் கீழே போட்டார். அவள் என் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒன்றும் மறந்திருக்கவில்லை. இத்தனை மாதமாக அத்தனையையும் வைத்துக்கொண்டுதான் என் எதிரே உட்கார்ந்து தின்றிருக்கிறாள்.

அந்த நேரம் என் நாக்கு எழுந்தது. மாப்புக் கேட்க வாயைத் திறக்கப் பார்த்தேன். அவள் இன்னும் இறுக்கிப் பொத்தினாள்.