இரண்டு சட்டமும் படித்த ஓரஸ்ட்

ஓரஸ்ட் டூபிக்குக்கு அறுபத்தெட்டு வயது. அதில் முப்பத்தொரு வருஷம் திட்டு வாங்கியே போயிற்று. திட்டியவர்கள் அன்னியர்களாக இருந்தாலாவது மனசு ஆறும். பாதிப் பேர் அப்பா வழிச் சொந்தம், மீதிப் பேர் அம்மா வழிச் சொந்தம்.

அப்பா கனடாவின் சஸ்காச்சுவானில், எல்லைக்கு இந்தப் பக்கம் கோதுமை விதைத்தவர். அம்மா அந்தப் பக்கம், அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு மைல், ஒரு சோதனைச் சாவடி, தீராத ஒரு வழக்கு. எது உண்மையான கால்பந்து என்பதுதான் வழக்கு. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்குக் கால்பந்து என்று பேர் வைத்ததைப் பற்றி இரு தரப்புக்கும் கூச்சமே கிடையாது. அதில் மட்டும் ஒற்றுமை.

பத்து கஜம் முன்னேற கனடாக்காரனுக்கு மூன்று வாய்ப்பு, அமெரிக்கனுக்கு நாலு. "மூணுல முடிக்கத் துப்பில்லாதவனுக்குத்தான் நாலு வேணும்" என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. உதைத்த பந்தை எதிராளி தன் கடைசிக் கோட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே கொண்டுவர முடியாமல் போனால், உதைத்தவனுக்கு ஒரு புள்ளி உண்டு இங்கே. "கோட்டை விட்டவனுக்கு ஆறுதல் பரிசு குடுக்கற ஆட்டம்டா உங்களுது" என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. கல்யாண வீடு, சாவு வீடு, பல் டாக்டர் வாசல், எங்கே சந்தித்தாலும் இதுதான்.

பேசி முடியாததை ஆடியாவது முடிப்போம் என்று ஒரு வருஷம் ஆரம்பித்தார்கள். அக்டோபர் மாத நன்றி நாள் திங்கட்கிழமை, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம். முதல் பாதி கனடா சட்டம், இரண்டாம் பாதி அமெரிக்கச் சட்டம். இடுப்பில் செருகிய துணிப்பட்டையை உருவிவிட்டால் ஆளைப் பிடித்ததாகக் கணக்கு. நடுவராக இரு தரப்பும் ஓரஸ்டைக் கை காட்டினார்கள். தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவர் அவர். மச்சினன் லாரியானாலும் முள் நின்ற இடம்தான் எடை. தவிர, அவர் தங்கள் ஆள் என்று இரண்டு பக்கமும் தனித்தனியே நம்பியது. அந்த நம்பிக்கை முதல் கால்மணி நேரத்தில் உடைந்தது. அன்றிலிருந்து ஆரம்பித்த திட்டு.

இடைவேளையில் மற்றவர்கள் காபி குடிக்க, இவர் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கனடா மைதானம் நூற்றுப் பத்து கஜம், அமெரிக்க மைதானம் நூறு. கோட்டைப் பத்து கஜம் உள்ளே தள்ளிப் போட வேண்டும். கனடா ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பேர், அவர்கள் ஆட்டத்துக்குப் பதினொன்று. ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் ஆளை வெளியே அனுப்ப வேண்டும், அந்த ஆள் போகமாட்டான். இந்தக் கூத்தை முப்பது வருஷம் ஒரு மனிதன் சகித்தான் என்றால் யார் நம்புவார்கள்?

மூன்றாவது வருஷமே சலித்துப்போய் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "நான் ஒரே ஒரு தீர்ப்பு தப்பாச் சொன்னேன்னு காட்டுங்க. அன்னைக்கே விசிலைக் கழட்டி வெச்சுடறேன்." யாராலும் காட்ட முடியவில்லை. வருஷா வருஷம் அதையே சொல்லுவார், அவர்களும் வருஷா வருஷம் கத்துவார்கள்.

எடை மேடையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஓரஸ்டிடம் எதற்கும் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. ஆகஸ்ட் பிறந்தால் இரண்டு நாட்டுச் சட்டப் புத்தகங்களையும் சமையலறை மேஜையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்த விசில் போய்விட்டால் தனக்கு வேறு ஒன்றும் இல்லை என்ற பயம் அவருக்கு இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை. மனைவி லாரெய்னுக்குத் தெரியும். அதனால்தான் மேஜையைத் துடைக்கும்போது புத்தகங்களைச் சுற்றித் துடைப்பாள்.

முப்பத்தோராவது ஆட்டத்தன்று காற்று ஆளைத் தள்ளியது. முதல் பாதியில், மளிகைக்கடை வைத்திருக்கும் வாலி ப்ரோக்கோப், எங்கள் அணித் தலைவர், காற்றின் தயவில் பந்தை உதைத்து அந்த ஒற்றைப் புள்ளியைச் சம்பாதித்துவிட்டார். மற்றபடி இரு தரப்பும் சமம். கடைசி இரண்டு நிமிஷத்தில் பந்து அமெரிக்கர்கள் கையில். இன்னும் ஒன்பது கஜம் போனால் ஜெயம். அந்தப் பக்கத்துத் தலைவர் மெர்ல் டாஃப்ட், டிராக்டர் மெக்கானிக், ஓரஸ்டின் தாய்மாமன் மகன். மெர்ல் பந்தை வீசினார், விழுந்தது. ஓடினார், புறப்பட்ட இடத்திலேயே பட்டையை உருவிவிட்டார்கள். மறுபடி வீசினார், அதுவும் மண்ணில் விழுந்தது. ஓரஸ்ட் விசில் அடித்து, பந்து இனி கனடாவுக்கு என்று கையைக் காட்டினார்.

மெர்ல் அவரை ஒரு நொடி பார்த்தார். கீழே கிடந்த பந்தை வாலி பக்கம் உருட்டிவிட்டு நடந்தார். வாலியின் ஆட்கள் மிச்ச நேரத்தை ஓட்டினார்கள். ஒரு புள்ளியில் வெற்றி.

ஊர்க் கூடத்தில் விருந்து. வான்கோழி, உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை, பூசணிக்காய் இனிப்பு. கனடா தோற்றால் எங்கள் ஆட்கள் மின்னசோட்டா அணி ரசிகர்களின் கொம்பு வைத்த தொப்பியோடு சாப்பிட வேண்டும். அமெரிக்கா தோற்றால் எங்கள் மாகாண அணி ரசிகர்கள் மாதிரி குடைந்த தர்பூசணியைத் தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். மெர்லின் ஆட்கள், மாற்று ஆட்களையும் சேர்த்துப் பதினைந்து பேர், கழுத்தில் சாறு வழிய வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஓரஸ்ட் கை கழுவப் போனார். கழுவும்போது ஆட்டத்தை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். மெர்ல் வீசியது ஒன்று. ஓடியது இரண்டு. மறுபடி வீசியது மூன்று. அப்புறம்?

அப்புறம் ஒன்றும் இல்லை. இரண்டாம் பாதி, அமெரிக்கச் சட்டம், நாலு வாய்ப்பு. இவர் மூன்றிலேயே பந்தைப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறார். பிறந்த ஊர்க் கணக்கு கையில் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. குழாயை மூடாமல் அப்படியே நின்றார்.

ஒருவரும் கேட்கவில்லையே. சும்மா இருந்தால் விசில் கழுத்திலேயே இருக்கும். அந்த எண்ணம் வந்ததற்கே அவருக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

"எல்லாரும் கேளுங்க. மெர்லுக்கு நாலாவது வாய்ப்பு பாக்கி இருந்துது. நான் மூணுலயே நிறுத்திட்டேன். தப்பு என்னுது."

மெர்ல் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"தெரியும், மச்சான். உக்காந்து சாப்பிடு."

"தெரியுமா?"

"எனக்கு எண்ணத் தெரியாதா? எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும்."

ஓரஸ்ட் வாலியைப் பார்த்தார். வாலி பெரோகியை இரண்டாக வெட்டுவதில் மும்முரமாக இருந்தார். "எங்களுக்கும்தாம்ப்பா தெரியும்" என்றார் கடைசியில்.

"அப்ப ஏன்டா வாயைத் திறக்கல? முப்பது வருஷமா நான் சரியாச் சொன்னதுக்கெல்லாம் குதிச்சீங்களே, ஒருநாள் தப்பாச் சொன்னதுக்கு ஊமையாயிட்டீங்களா?"

"சொன்னா நீ விசிலைக் கழட்டி வெச்சிருவே" என்றார் மெர்ல். "ரெண்டு புத்தகத்தையும் படிச்ச கிறுக்கன் இந்த எல்லையில நீ ஒருத்தன்தான். உன்னை விட்டா நாங்க யாரைத் திட்டறது? ஒரு ஆட்டம் போனாப் போகுதுன்னு விட்டோம்."

ஓரஸ்டுக்குக் கோபம் வந்தது. பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்த ஆட்டத்துக்கு அவரா நடுவர்?

"எந்திரிங்க எல்லாரும். நாலாவதை இப்பவே ஆடணும்."

"ஏங்க, வான்கோழி ஆறிடும்" என்றாள் லாரெய்ன்.

"ஆறட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். பொழுது சாய இன்னும் கொஞ்சம் பாக்கி. பந்தை அதே ஒன்பது கஜத்தில் வைத்தார். மெர்ல், தலையில் தர்பூசணியோடு, வீசுவது மாதிரி போக்குக் காட்டிவிட்டுத் தானே ஓடினார். கோட்டை நெருங்கிவிட்டார். வாலி எட்டிப் பாய்ந்து பட்டையை உருவினார். ஓரஸ்ட் ஓடி வந்து, குனிந்து பார்த்து, விசில் அடித்தார்.

"ஒரு சாண் குறையுது. கோட்டைத் தாண்டல."

ஒரு சத்தம் இல்லை. மெர்ல் தலையை ஆட்டினார். அவர் ஆட்கள் நல்ல பிள்ளைகளாகத் தரையைப் பார்த்தார்கள். வாலிகூட வாயை மூடிக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வருஷத்தில் ஓரஸ்ட் கேட்காத அமைதி அது. அவரால் தாங்க முடியவில்லை.

"ஏன்டா யாரும் கத்தல?"

"கத்தினா நீ போயிடுவியோன்னு பயமா இருக்கு, மச்சான்."

"கத்தலைன்னாத்தான்டா போயிடுவேன்" என்றார் ஓரஸ்ட்.

மெர்ல் அவர் முகத்தையே பார்த்தார். தர்பூசணி ஓட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். வாயில் வழிந்த சாற்றைப் புறங்கையால் துடைத்தார்.

"ஒரு சாணா? உன் கண்ணுல என்ன, உங்க ஊர்ச் சுண்ணாம்பா? என் கால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குது, வந்து பாருடா."

"எந்தக் காலு, மரக்காலா?" என்று வாலி குறுக்கே பாய்ந்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஓரஸ்ட் கோட்டருகே மண்டியிட்டு உட்கார்ந்து, விரல்களை அகட்டி, அவர்கள் கண்ணெதிரே அந்த ஒரு சாணை மறுபடியும் அளக்க ஆரம்பித்தார்.