இடி ஐயா வாயை மூடிய அன்று

எங்கள் பழைய போதகருக்கு நாங்கள் வைத்த பெயர் இடி ஐயா. மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. ஓய்வு பெற்றபின் தம்பியின் பேக்கரியில் மாவு பிசைகிறார். அங்கேயும் கத்தல்தானாம்.

அவருக்குப் பின் வந்தவரும் மாற்றலாகிப் போனதிலிருந்து எங்கள் லுத்தரன் சபைக்குப் போதகரே இல்லை. வேறொருவர் வருவாரா, ஆலயத்தைப் பூட்டிவிடுவார்களா, யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிறு மட்டும் ஆராதனை நடத்த இடி ஐயாவை அழைத்தோம். பொருளாளர் அக்கா வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்.

"போதகர் இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு ஐயா."

"உள்ள வாம்மா, பார்ப்போம்" என்றார். அங்கியின் கீழே தெரிந்த செருப்பில் மாவு காய்ந்திருந்தது.

எங்கள் நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல எல்லோரும் எழுந்தோம். அவர் ஆரம்பித்தார், நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துகொண்டோம். சிறு வயதிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிய வரிகள். "ஆமென்" சொல்லிவிட்டு உட்காரப் போனோம்.

"நில்லுங்க!" இடி விழுந்தது. "ரெண்டாவது வரியிலயே நான் வாயை மூடிட்டேன். ஒருத்தராவது கவனிச்சீங்களா?"

பாதி உட்கார்ந்தவர்கள் மறுபடி எழுந்தோம்.

"புதுசா ஆள் வருவாரான்னு எனக்கும் தெரியாது. வராட்டியும் நீங்க நிறுத்த மாட்டீங்க, இப்பத்தானே பார்த்தேன். என்னம்மா, யாருக்குக் கை ஒடிஞ்சிருக்கு?"

அவர் அடுத்து வாய் திறக்கும் முன்பே அக்கா ஞானப்பாட்டைத் தொடங்கிவிட்டார். இடி ஐயாதான் ஒரு வரி பின்தங்கி வந்து சேர்ந்துகொண்டார்.