வினாகிரி வாசம்

வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து அச்சாறு போட வினாகிரி போத்தலைத் திறந்தேன். அந்தப் புளிப்பு மூக்கில் ஏறியதுமே சின்ன வயதில் நாங்கள் இருந்த மஹய்யாவ வீட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தங்கச்சி பிறந்தபோதே அவளுடைய வலது பாதம் உள்பக்கம் வளைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி, புதிதாக பிளாஸ்டர் போடுவார்கள். பழையதை வீட்டிலேயே ஊறவைத்துக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். கிளினிக் நாள் காலையில் அம்மா பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்து, வினாகிரி ஊற்றி, அந்தக் குட்டிக் காலை ஊறப்போட்டு, கொஞ்சிக் கொஞ்சி பிளாஸ்டரைச் சுற்றுச் சுற்றாக உரிப்பாள். வெளியே வந்த பாதத்துக்கு முத்தம் வேறு.

ஒருநாள் நானும் பேசினுக்குள் காலை விட்டேன்.

"ஒனக்குத்தான் கால் நல்லா இருக்கே, எந்திரி!" என்றாள் அம்மா.

நல்லா இருந்தது என் குற்றமா?

இன்று தங்கச்சி ஹந்தானை மேட்டிலுள்ள என் வீட்டுக்கு நடந்தே ஏறி வந்தாள். மூச்சுகூட வாங்கவில்லை. அவள் கதிரையில் உட்கார்ந்ததும், பக்கத்திலிருந்த அம்மாவின் கை தானாகக் கீழே போய் அந்த வலது பாதத்தைத் தடவியது. மூட்டுவலியோடு காலையிலிருந்து நின்று சமைப்பது நான்.

அவள் தட்டில் அச்சாறு வைக்கும்போது, பச்சை மிளகாயாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தேன்.