வயிறு நிறைந்த பிள்ளை

பிள்ளையை மேஜையில் கிடத்தி நாலு பேர் அமுக்குவது எங்கள் எனிஃபாவுக்கு ஆகாது. முலாஞ்சே மலையடிவாரத்தில் உள்ள எங்கள் மருத்துவமனையில் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பவள் அவள்தான். நான் பக்கத்தில் நிற்கும் நர்ஸ். தாய் பிள்ளையை முதுகில் துணியால் கட்டியபடியே அறுவை அறைக்குள் வரவேண்டும். தாய் மெல்ல ஆடிக்கொண்டிருக்க, எனிஃபா பின்னாலிருந்து முகமூடியை நீட்டுவாள். முதலில் வெறும் பிராணவாயு. "முழிச்சதும் என்ன தின்னப்போற?" என்று கேட்பாள். பட்டினி கிடக்கிற பிள்ளைகள் கடலைக் கஞ்சி, சுட்ட சோளம், கோழிக்கால் என்று அடுக்கும். அந்தப் பேச்சோடு பேச்சாக மருந்தைத் திறந்துவிடுவாள். சில நாள் எனக்கே பொறுமை போய்விடும்.

அன்று லிம்பானியின் முறை. நாலு வயது. அடுப்பில் விழுந்ததில் கைவிரல்கள் ஒட்டிப்போயிருந்தன.

"ராத்திரியிலேர்ந்து ஏதாவது குடுத்தியா?" என்று தாய் தெரேசாவிடம் கேட்டேன்.

"சத்தியமா ஒரு சொட்டு தண்ணிகூட குடுக்கல, சிஸ்டர்."

டாக்டர் கலூவா கையைக் கழுவிவிட்டு நின்றார். "எனிஃபாக்கா, கதை போதும். இன்னும் ரெண்டு பேர் காத்திருக்காங்க."

அவள் காதில் வாங்கவில்லை. "முழிச்சதும் என்ன வேணும், ராசா?"

"ஒண்ணும் வேணாம்."

"கடலைக் கஞ்சி?"

"வேணாம். வயிறு ரொம்பிருக்கு."

மருந்துத் திருகின்மேல் அவள் கை அப்படியே நின்றது. நிறைந்த வயிற்றோடு மயங்கினால் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பிள்ளை பிழைப்பது கஷ்டம்.

"பயத்துல உளறுறான்," என்றார் டாக்டர்.

"உளறட்டும். நான் திறக்கமாட்டேன்." அவனிடம் குனிந்தாள். "யாரு ராசா குடுத்தது?"

"நபாண்டா பெரியம்மா."

நபாண்டா தெரேசாவின் அக்கா, தங்கைக்குத் துணையாக வந்தவள். நோயாளிகளின் உறவுக்காரர்கள் சமைக்கும் கொட்டகையில் இருந்தாள். அங்கே யார் பிள்ளை பசித்து அழுதாலும் யார் சட்டியிலிருந்தாவது கஞ்சி வந்துவிடும். நான் பாய்ந்துகொண்டு போனேன்.

"உனக்கு அறிவிருக்கா? ஒரு புள்ளையக் கொல்லப் பாத்தியே!"

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "போன மழைக்காலத்துல என் பையனையும் இப்படித்தான் பட்டினியா கூட்டிட்டுப் போனாங்க. வேற ஆஸ்பத்திரி. பசிக்குதும்மான்னுட்டே போனான். திரும்பி வரல. இவனும் பசிக்குதுன்னான், சிஸ்டர். போற புள்ள வயிறாவது நெறஞ்சு போகட்டும்னு..."

என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பின்னாலேயே வந்த எனிஃபா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு அவன் பசியோடதான் வரணும், அக்கா. யாரும் எதுவும் குடுக்காம நீங்கதான் பாத்துக்கணும்."

இவளுக்குக் கிறுக்கா என்று நினைத்தேன். திருடியிடமே சாவியைக் கொடுக்கிறாளே! இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் காலை கொட்டகையில் லிம்பானி பசியில் வீறிட்டு அழுதான். நபாண்டா அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். கஞ்சியோடு நெருங்கியவர்களைத் திட்டித் துரத்தினாள். பிறகு தன் கையாலேயே அவனைத் தெரேசாவின் முதுகில் ஏற்றினாள்.

முகமூடிக்குள் அவன் இரண்டு கோழி கேட்டான். மூன்றாவதைக் கேட்குமுன் கண் சொருகியது. அறுவை முடிந்து மேஜைமேல் அவன் அழத் தொடங்கும்வரை எனிஃபா அவன் மார்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தெரேசாவை உள்ளே விட்டுவிட்டு எனிஃபா வெளியே வந்தாள். நபாண்டா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். கதவுச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. எனிஃபா அவள் தோளைத் தொட்டாள்.

"அக்கா, திரும்பி வந்துட்டான். வந்து பாருங்க."